இருபத்தாறு இடது கைகள்

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நான் கொண்டுபோனவை இவை: இரண்டு சேலை, ஒரு துவாய், சோப்புப் பெட்டி, மிட்வைஃப் பயிற்சிச் சான்றிதழ், வலது கை ஆட்காட்டி விரலில் செருகியிருந்த ஒரு எலுமிச்சம்பழம்.

கடைசியில் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலை நுழைக்காதீர்கள், நேரே மருந்துச்சாலைக்கு வாருங்கள் என்று மஸ்கெலியாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இரண்டு வருடமாகக் கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு போனவள் நான். என்னோடு பயிற்சி பெற்ற தோழிகள் சிலர் நடந்ததை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்கும் விரல் இருக்கிறது, ஊசியோடுதான் வேலை. அதனால் எலுமிச்சம்பழத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு பிரசவம் முடிந்து கருவிகளைக் கழுவும்போது தையல் ஊசி ஆட்காட்டி விரலின் நடு மடிப்பில் ஏறியது. அயோடின் தடவினேன். மறுநாள் விரல் சிவந்தது. அதற்கடுத்த நாள் வீங்கி, தானாக வளைந்து நின்றது. நிமிர்த்த முயன்றால் உயிர் போனது. இந்த அடையாளங்களை நான் பாடத்தில் படித்திருக்கிறேன். வேறு யாருக்காவது வந்திருந்தால் அன்றைக்கே லொறியில் ஏற்றியிருப்பேன். ஆனால் நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் என் இடத்துக்கு வேறொருத்தி வருவாள். அதனால் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் வீட்டில் இருந்தேன். அந்த மூன்று நாளுக்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி. வாரத்தில் இரண்டு நாள் சத்திரசிகிச்சை டாக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார்.

"இது ஆர் வச்சது?" என்று பழத்தைக் காட்டிக் கேட்டார்.

"அம்மா."

பொய்யில்லை. அம்மாதான் வைத்தாள். ஆனால் விரலை நீட்டிக் கொடுத்தது நான்.

அவர் பழத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த வாளியில் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு வந்தது வெறும் நகச்சுற்று அல்ல. விரலை மடக்குவதற்கு உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு தசைநாண் ஓடுகிறது. சைக்கிள் பிரேக் கம்பி ஓர் உறைக்குள் ஓடுவதுபோல அதுவும் ஓர் உறைக்குள் ஓடுகிறது. சீழ் அந்த உறைக்குள் புகுந்துவிட்டது. அங்கே இடம் குறைவு. சீழ் அழுத்த அழுத்த நாணுக்கு இரத்தம் போவது நின்று, நாண் செத்துப்போகும். அன்று மாலையே விரலில் ஓரிடத்திலும் உள்ளங்கையில் ஓரிடத்திலும் திறந்து, ரப்பர்த் துண்டு வைத்து, சீழை வடித்தார்கள். பிறகு ஆறு மணிக்கொரு தடவை பெனிசிலின் ஊசி. காலையிலும் மாலையிலும் சூடான உப்புத் தண்ணீரில் கையை ஊறவைக்க வேண்டும். எலும்பில் சீழ் ஏறவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்தபோது வார்டு நர்ஸ் மிஸ்ஸி என் தோளைத் தட்டினாள். எனக்கு அழுகை வந்தது. அது எலும்புக்காக அல்ல. அன்று காலைதான் தோட்டத்து மருந்துச்சாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக வேறொரு மிட்வைஃப் அமர்த்தப்பட்டிருக்கிறார். அதற்குள் வேலைக்குத் தகுதி என்று டாக்டரின் சான்று வராவிட்டால் அவரே நிரந்தரமாவார். வேலையோடு தந்திருந்த என் வீடும் அவருக்குப் போகும்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: தொப்புள்கொடியில் நூல் போட்டு இறுக்கக்கூடிய ஒரு வலது கை.

பெண்கள் வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் அங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மழையில் கூடையோடு வடிகால் கானுக்குள் சறுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கால் முழுக்க மாக்கட்டோடு கிடந்தாள். வாய்க்கு மட்டும் கட்டுப் போடவில்லை.

முதல் சண்டை சாப்பாட்டில் வந்தது. இடது கையால் சோறு சாப்பிட எனக்குக் கை வரவில்லை. பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தேன்.

"ஏங்க மிட்வைஃப் அம்மா, சோத்துக்கு எந்தக் கைன்னு தெரியுமா? அது பாட்டுக்கு உள்ள போகும்" என்றாள் அங்கம்மா. "வெக்கமா இருந்தா சொல்லுங்க, நாங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

உண்மையாகவே எட்டுக் கட்டில்காரர்களையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்ப முடியாத இருவர் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வருவாள். மற்ற நாட்களில் அவளுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. கொண்டுவரும் ரொட்டியை ஒரு வாய் அளவுக்குத் துண்டு துண்டாகப் பிய்த்து, ஒவ்வொன்றிலும் தேங்காய்ச் சம்பலை வைத்து அழுத்தி, டப்பாவில் அடுக்கியிருப்பாள். பஸ்ஸில் நெருக்கியடித்து வந்ததைப் பற்றி மட்டும் சொல்வாள்.

காயம் ஆறத் தொடங்கியதும் விரலை அசைக்கப் பயிற்சி தந்தார்கள். ஒரு ரப்பர்ப் பந்தைக் காலையில் நூறு, மாலையில் நூறு தடவை அமுக்க வேண்டும். நான் முன்னூறு அமுக்கினேன். நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் கட்டம் போட்டு எழுதிவைத்தேன். பத்தாவது நாள் டாக்டர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"நீர் பந்தை அமத்தேல்லைப் பிள்ளை. மணிக்கட்டை ஆட்டுறீர். மற்ற மூண்டு விரலும் வேலை செய்யுது, இவர் சும்மா பந்துக்கு மேல இருக்கிறார்."

"நான் முன்னூறு செஞ்சேன் ஐயா."

"முன்னூறு தரம் ஏமாத்தியிருக்கிறீர். படம் கீறத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மாம்பழம் வரைந்ததோடு சரி. அதுவும் பக்கத்துப் பிள்ளையின் மாம்பழத்தைப் பார்த்து.

"நல்லது. தெரியாட்டி ஏமாத்தேலாது. ஒவ்வொரு நாளும் உம்மட இடக்கையை வச்சுப் பார்த்துக் கீறும். பென்சில் இந்த விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில. இண்டைக்கே தொடங்கும்."

பழைய காய்ச்சல் அட்டைகளின் பின்பக்கம்தான் காகிதம். முன்பக்கம் யாரோ ஒருவரின் காய்ச்சல் மலை மாதிரி ஏறி இறங்கியிருக்கும். பென்சில் வழுக்காமலிருக்க மிஸ்ஸி அதில் துணி சுற்றிக் கொடுத்தாள். அழிரப்பரும் அவளுடையது.

எந்த வேலையையும் சொன்ன நாளுக்குள் படித்து முடித்தவள் நான். பயிற்சியில் பன்னிரண்டு பேரில் இரண்டாவதாக வந்தேன். ஒரு கையை வரைய எனக்கு எத்தனை நாள் வேண்டும்? மூன்று என்று குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் இடது கையைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிவரக் கோடு இழுத்தேன். டாக்டர் அதைப் பார்த்து, "இது சின்னப்பிள்ளையள் செய்யிறது" என்று திருப்பித் தந்தார். மறுநாள் பார்த்து வரைந்தேன். உள்ளே எத்தனை எலும்பு, எந்த எலும்புக்கு அடுத்து எது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றையெல்லாம் போட்டேன்.

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். "தோலு எங்கங்க? செத்தவங்க கையா?"

"கை இப்பிடித்தான் இருக்கும். உள்ள எலும்பு இருக்குல்ல."

"உள்ள இருக்கிறத யாரு கேட்டா? அந்தா, உங்க முன்னாடி இருக்கே, அதப் போடுங்க."

தோலோடு வரைந்தேன். வாழைச்சீப்பு மாதிரி வந்தது. அடுத்தது கோழிக்கால். அடுத்தது காற்றடைத்த ரப்பர்க் கையுறை. பெருவிரலை ஒவ்வொரு நாளும் கையின் ஓரத்தில் ஒட்டவைத்ததுபோல வரைந்தேன். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று எனக்குத் தெரியும், பெயரோடு தெரியும். ஆனால் தாளில் அது வேறு யாருடைய பெருவிரலாகவோ போய்விடும். அழிப்பேன். தாள் பொத்தல் விழும். ஐந்தாம் நாள் பென்சிலைத் தூக்கி எறிந்தேன். அது உருண்டு அங்கம்மாவின் கட்டிலடிக்குப் போனது. அவளால் குனிய முடியாது, என்னால் கேட்கவும் முடியாது. சாயங்காலம் கூட்ட வந்த ஆயாதான் எடுத்துத் தந்தாள்.

அதற்குப் பிறகுதான் அங்கம்மா பெரட்டுப் போடத் தொடங்கினாள். தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரும் கூடி வேலைக்குப் பிரிக்கப்படுவது பெரட்டு. நாள் முடிவில் போதுமான கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். தினமும் காலையில் பாண் ரொட்டியும் தேநீரும் முடிந்ததும் அங்கம்மா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

"பெரட்டு! மிட்வைஃப் அம்மா, கொண்டாங்க கைய."

நான் படத்தைக் காட்டுவேன். வார்டே பார்க்கும்.

"சுண்டு வெரல் சரி. நடு வெரல் நெட்டக் கங்காணி மாதிரி நிக்கிது. மொத்தத்துல கையா, இல்ல தவளையான்னு சந்தேகம். அரைப்பேரு!"

"நேத்தைக்கும் அரைப்பேருதான் போட்டீங்க."

"நேத்தும் தவளதானே போட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. உடம்பு முடியாதவர்கள் என் படத்தைப் பார்த்துச் சிரிப்பது நல்லதுதான் என்று மிஸ்ஸி சொன்னாள். அவளுக்கென்ன, அவள் கை அது இல்லை.

வாரங்கள் போயின. டாக்டர் வரும் நாட்களில் என் விரலை மடக்கச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே சின்னக் கோல் வைத்து அளப்பார். இரண்டரை அங்குலம். இரண்டரை அங்குலம். ஒருநாள் இரண்டேகால் என்றார். நான் அட்டையில் கோடு போட்டு வைத்தேன். அடுத்த முறை மீண்டும் இரண்டரை.

இருபத்தைந்தாம் நாள் காலை எல்லாப் படங்களையும் எடுத்துத் தேதி வாரியாகக் கட்டிலில் பரப்பினேன். என் நோக்கம் நல்லதல்ல. இந்தப் பயிற்சியால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டரிடம் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்பதுதான்.

ஆனால் பயன் இருந்தது. அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. வடிவம் திருந்தியிருந்தது. பதினெட்டாம் நாளிலிருந்து பெருவிரல் சரியான இடத்திலிருந்து கிளம்பியது. பக்கவாட்டுக் கோடுகள் உறுதியாக இருந்தன. பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். மேலிருந்து கீழே என்னை நோக்கி இழுத்த கோடுகள் ஒன்றுகூடத் திருந்தவில்லை. முதல் நாள் எப்படி நடுங்கி, மெலிந்து, வலப்பக்கமாகச் சறுக்கினவோ, இருபத்தைந்தாம் நாளும் அப்படியே. கீழே இழுக்கும் கோட்டுக்கு ஆட்காட்டி விரல் மேலேயிருந்து அழுத்த வேண்டும்.

பென்சிலை எடுத்து வெறும் தாளில் ஒரு கோடு இழுத்து, தாளைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரல் பென்சில்மேல் இருந்தது. அவ்வளவுதான், இருந்தது. வேலையை நடுவிரல் செய்துகொண்டிருந்தது. ஆட்காட்டி அதற்குக் குறுக்கே கொக்கி மாதிரி நின்று தடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் சொன்ன விதியை மீறினேன். ஆட்காட்டி விரலுக்கும் பென்சிலுக்கும் நடுவே மடித்த துணியைச் செருகி அதை விலக்கிவைத்தேன். பெருவிரலாலும் நடுவிரலாலும் பென்சிலைப் பிடித்து, காலை முழுவதும் வரைந்தேன். அது ஒரு கை. நகம், மடிப்பு, மணிக்கட்டில் கொஞ்சம் நரம்பு. கையில் உள்ள களைப்புக்கூட வந்திருந்தது.

அங்கம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு போட்டா?"

"நான்தான்."

"முழுப்பேரு" என்றாள். பிறகு, வார்டுக்குக் கேட்கும்படி, "அடியே பாருங்கடி, முழுப்பேரு!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட முடியவில்லை. அந்தப் படம் நன்றாக வந்ததற்கு அர்த்தம் என்னவென்று அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மத்தியானம் டாக்டர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "எப்பிடிப் பிடிச்சுக் கீறினீர்?" என்று கேட்டார். பிடித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாண் செத்துப்போட்டுது" என்றார்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமா ஐயா?"

"சந்தேகம் இருந்தது. ஒட்டிப்போய் நிக்குதோ, அழுகிப்போச்சோ எண்டு உடன சொல்லேலாது. ஒட்டினதெண்டால் வேலை குடுத்தால் கொஞ்சமாவது இளகும். அதுக்குத்தான் இந்தப் பயிற்சி. இளகேல்லை."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, விரலை அப்படியே விட்டுவிடுவது. பார்வைக்கு ஐந்து விரல் இருக்கும், ஆனால் அது மடங்காமலும் நிமிராமலும் நிற்கும். கையுறைக்குள் போகாது, நூலில் மாட்டும், பிரசவத்தில் தாய்க்குக் காயம் படும். அப்படிப்பட்ட கைக்குத் தகுதிச் சான்று தர மாட்டேன் என்றார். மற்றது, அதை அடியோடு எடுத்துவிடுவது. நடுவிரல் அதன் இடத்துக்கு வரும். மூன்று வாரத்தில் ஆறிவிடும், சான்று தருவேன் என்றார். இந்த இரண்டாவதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். திறப்பதை நிறுத்தவில்லை.

"வேணாம்" என்றாள்.

"அம்மா, அது செத்துப்போன விரலு."

"செத்தா என்ன? உன் கையில தானே இருக்கு? அதுக்கு யாரு சோறு போடணும்? இருக்கிறது இருக்கட்டும்."

"இருந்தா வேலை போயிரும்."

"போனாப் போகுது. எங்கூட மலைக்கு வா. ஆம்பள மாதிரி படிச்சு என்னத்தக் கண்டோம்? வெரலு போச்சு." பிறகு குரல் இறங்கியது. "குறையோட பொறந்திருந்தா பரவாயில்லடி. முழுசாத்தானே பெத்தேன்."

நாண், உறை, இரத்தம் போகாமை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் ரொட்டித் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் இருபத்தாறாவது படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இடது கையின் மேற்பக்கம் அது. நகங்களை அழித்துவிட்டால், வலது உள்ளங்கையை விரித்துவைத்த அதே வடிவம்தான். ஐந்து நகங்களையும் அழித்தேன். பிறகு ஆட்காட்டி விரலை நுனியிலிருந்து தொடங்கி அழித்தேன்.

"ஐயோ! முழுப்பேரு போட்ட படம்!" என்று அங்கம்மா கத்தினாள். "ஏங்க, பைத்தியமா உங்களுக்கு?"

என் வாழ்க்கையில் நான் சரியாக வரைந்த ஒரே பொருள் அது. வரைய இருபத்தாறு நாள் பிடித்தது. அந்த விரல் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திறந்து கிடந்த ஓரத்தை, நடுவிரலிலிருந்து பெருவிரல்வரை, ஒரே கோட்டில் மூடினேன்.

அம்மா தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். தன் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ரப்பர் துடைத்த இடத்தில் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் இருந்தது. அதையும் தடவிப் பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

"நாலுதான்மா."

"கொடி கட்ட நாலு போதுமா?"

"மூணே போதும்."

தாளைத் திருப்பித் தந்தாள். "அப்ப என்கிட்ட என்னத்துக்குக் கேட்ட? அதான் நீயே அழிச்சிட்டியே." அப்புறம், "சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள். அன்றைக்கு முதல் துண்டை அவளே என் வாயில் வைத்தாள்.

சத்திரசிகிச்சை பற்றி எழுத அதிகமில்லை. மயக்க மருந்தின் வாடை ஒரு நாள் முழுக்கத் தொண்டையில் நின்றது. கட்டுப் பிரித்தபோது கை குறுகலாக, வேறு யாருடையதோ போல இருந்தது. இல்லாத விரல் அரித்தது. இது வழக்கம், பயப்படாதீர்கள். தையல் எடுத்ததும் அங்கம்மாவின் மாக்கட்டுக்கு மேலே ஒரு நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பழகினேன். முதலில் நழுவியது. பிறகு பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பென்சில் பிடித்த அதே பிடியில் நாடாவைப் பிடித்தேன். ஒரு நாளைக்கு நூறு முடிச்சு. அங்கம்மா தூங்கும்போதும் போட்டேன். எழுந்து பார்த்து, "காலைக் கட்டிப்போட்டா நான் எங்க ஓடப்போறேன்?" என்றாள். டாக்டர் தன் பேனாவை நீட்டி, அதில் கட்டச் சொன்னார். கட்டினேன். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். சான்றில் கையெழுத்துப் போடுவதற்கு அந்தப் பேனாவிலிருந்து முடிச்சைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த எண்பத்து நான்காம் நாள், கெடு முடியுமுன், தோட்டத்துக்குத் திரும்பினேன். ஒன்பது நாள் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தயங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். பத்தாம் நாள் மத்தியானம் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒருத்திக்கு இரண்டாவது பிரசவம். அந்தப் பெண் வலிக்கு நடுவே என் கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையாலயாம்மா?"

"இந்தக் கையாலதான். என் கையப் பாக்காத, என் மூஞ்சியப் பாரு. நான் சொல்றப்ப முக்கு."

பெண் குழந்தை. உடனே அழுதது. கொடியில் இரண்டு இடத்தில் நூல் போட்டு இறுக்கி, நடுவே வெட்டினேன். விதிப்படி, இரத்தம் கசிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம். நான் உட்கார்ந்திருந்தேன். தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன். இரண்டாவது தேநீர் கொடுத்தார்கள். குழந்தையின் அப்பா வேலை முடிந்து வந்து, பார்த்து, வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். தாய் தூங்கிப்போனாள். நான் துணியை விலக்கி மறுபடியும் பார்த்தேன். நூலைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.